பாதம் வைத்த நாமம், வைக்காத நாமம்

திருமண் பெட்டிக்குள் இருப்பது நாலே சாமான். ஒரு வெள்ளை மண் கட்டி, சிமிழில் கொஞ்சம் ஸ்ரீசூர்ணம், மெல்லிய உலோகக் குச்சி, கையகலக் கண்ணாடி. இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டியை உரசினால் மண் குழைந்து வரும். அதைத் தொட்டுப் புருவ நடுவிலிருந்து நெற்றி மேட்டுக்கு இரண்டு கோடு இழுக்க வேண்டும். கோணினால் அழித்துவிட்டு மறுபடி. காய்ந்ததும் நடுவில் ஸ்ரீசூர்ணம். வைணவர்களில் வடகலைக்காரர் இரண்டு கோட்டையும் புருவ நடுவில் வளைத்துச் சேர்த்து அதோடு நிறுத்திக்கொள்வார். தென்கலைக்காரர் மூக்கின் மேல் ஒரு விரற்கடை இறக்கிப் பாதம் வைப்பார். நடுக்கோடு அவருக்குப் பெரும்பாலும் மஞ்சள், இவருக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பும் மஞ்சளில் பிறந்ததுதான். மஞ்சள் தூளோடு சுண்ணாம்போ வெங்காரமோ சேர்ந்தால் சிவந்துவிடும்.

மண் கட்டி இருவருக்கும் ஒன்றே. கடையில் கலை கேட்டு மண் விற்பதில்லை. ஆனாலும் சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலில், அந்த ஒரு விரற்கடையின் இரு பக்கமும் நின்று தலைமுறை தலைமுறையாக வழக்காடியிருக்கிறார்கள். நெற்றியில் இட்டுக்கொள்ளும் மண் எப்படி இன்னொருவரை எடைபோடும் தராசாக மாறியது என்பதுதான் இந்தக் கதை.

நெற்றியில் மேல்நோக்கிக் கோடு இடும் வழக்கம் கலைப் பிரிவினைக்கு வெகு காலம் மூத்தது. கோடு பெருமாளின் திருவடி. அதைத் தலையில் தாங்குகிறோம் என்பதே கருத்து. மண் எங்கிருந்து வந்தது என்றால் கர்நாடகத்தின் மேல்கோட்டையைக் காட்டுவார்கள். ராமானுஜர் அங்கே போயிருந்தபோது திருமண் தீர்ந்துபோய், கனவில் இடம் தெரிந்து தோண்டி எடுத்தார் என்பது சம்பிரதாயக் கதை. அதே மேல்கோட்டையில்தான், கோயிலுக்குள் விடப்படாத மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து ஆண்டுக்கு மூன்று நாள் உள்ளே வரும் உரிமையை அவர் வாங்கிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். மூன்று நாள்தான். ஆனாலும் மற்ற பல ஊர்களில் அந்த மூன்று நாளும் கிடையாது.

காஞ்சிபுரத்தில் ராமானுஜரைப் பற்றி வழங்கும் கதையில் நாமமே இல்லை, எச்சில் இலைதான் இருக்கிறது. பூந்தமல்லிக்காரரான திருக்கச்சி நம்பி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசுகிறவர், பிராமணர் அல்லர். பெருமாள் அவரோடு பேசுவார் என்று ஊர் நம்பியது. அவர் உண்டு மீந்ததை உண்ண வேண்டும் என்று ராமானுஜருக்கு ஆசை. வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். நம்பி வந்த நேரம் ராமானுஜர் வீட்டில் இல்லை. மனைவி தஞ்சமாம்பாள் குறையில்லாமல் பரிமாறினார். நம்பி எழுந்து போனதும் மீந்ததை வெளியே கொடுத்துவிட்டு, இலை போட்ட இடத்தைச் சாணம் போட்டு மெழுகி, தலைக்குக் குளித்து, கணவருக்குப் புதிதாக உலை வைத்தார். ராமானுஜர் திரும்பி வந்தபோது பிரசாதமும் இல்லை, நம்பியும் இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, தஞ்சமாம்பாள் கெட்டவளே அல்ல என்பது. விருந்தாளியை அவமதிக்கவில்லை, முகம் கோணவில்லை, வயிறு நிறையப் போட்டார். தெருவில் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் செய்தார். வந்தவர் யார், எப்பேர்ப்பட்டவர் என்று பார்க்கவில்லை. என்ன சாதி என்று பார்த்தார், அதற்குரிய சாணத்தைக் கரைத்தார். தப்பெண்ணம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வரும் வெறுப்பு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது தினசரி வேலைகளில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ராமானுஜருக்குப் பிறகு சில தலைமுறை கழித்து இரண்டு பேர். ஸ்ரீரங்கத்தில் பிள்ளை லோகாசாரியார்; காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகன். தேசிகன் பிறந்தது 1268 என்று மரபு கணக்குச் சொல்லும். சரணாகதி செய்ய மனிதனும் ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டுமா, பெருமாளே தூக்கிக்கொள்வாரா என்பது வித்தியாசத்தின் மையம். தாயைக் கட்டிக்கொள்ளும் குரங்குக் குட்டி தேசிகன் தரப்பு, தாய் வாயால் கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டி லோகாசாரியார் தரப்பு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தில் புகுந்தபோது லோகாசாரியார் பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினார், தேசிகன் பிணங்களுக்கு நடுவே படுத்து ஸ்ரீபாஷ்ய உரையின் ஓலைச் சுவடியைக் காப்பாற்றினார் என்கிறது குருபரம்பரை. ஒரே ஆபத்து, ஒரே கோயில், ஆளுக்கொரு பொறுப்பு. பிற்காலத்தார் லோகாசாரியாரைத் தென்கலைக்கும் தேசிகனை வடகலைக்குமாக எதிரெதிர்க் கட்சிக்குத் தலைவர்களாக்கிவிட்டார்கள்.

எதிர்க்கட்சி ஆவதற்குத் தத்துவம் மட்டும் போதாது. பூனையா குரங்கா என்று திண்ணையில் உட்கார்ந்து வாதாடலாம். அதற்காக யாரும் நிலத்தை விற்று வக்கீல் வைக்கமாட்டார்கள். நடுவில் வந்தது மிராசு. பெருமாள் புறப்பாட்டில் முன்னால் நின்று திவ்யப் பிரபந்தம் ஓதுகிற கோஷ்டிக்கு அத்யாபக மிராசு என்ற பரம்பரை உரிமை உண்டு. ஓதியவருக்குத் தீர்த்தம் முதலில், சடாரி முதலில், பிரசாதத்தில் பங்கு. கடுகளவுகூடக் குறையாமல் கணக்குப் பார்த்துப் பிரிக்கும் பங்கு. வரதராஜர் கோயில் இட்லியைத்தான் உலகம் காஞ்சிபுரம் இட்லி என்று சாப்பிடுகிறது. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு நீளக் குடலையில் வேகவைக்கும் அந்த இட்லியில் யாருக்கு எத்தனை துண்டு என்பது, கோயிலில் யாருக்கு என்ன இடம் என்பதன் இன்னொரு பெயர். யார் தொடங்கி ஓதுவது, தொடக்கத்தில் எந்த ஆசாரியருக்கு வாழ்த்துத் தனியன் சொல்வது என்பதில் எல்லாம் அடங்கிவிட்டது. தனியன் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

பங்கு இருக்கும் இடத்தில் பங்காளி யார் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அதற்கு நெற்றி வசதியாக அமைந்தது. பாதம் வைத்தால் பெருமாளின் இரு திருவடியும் பீடமும், வைக்காவிட்டால் கங்கை பிறந்த வலது திருவடி மட்டும் என்று இரண்டுக்கும் அழகான விளக்கம் உண்டு. ஆனால் கோயில் வாசலில் நிற்பவனுக்கு விளக்கம் தேவையில்லை. மூக்கைப் பார்த்தால் போதும். இதில் வேடிக்கை, கலைகள் பிரிவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் வாழ்ந்த ஆழ்வார்களும் தப்பவில்லை. கோயில் எந்தக் கலையோ அந்த நாமம்தான் அங்கே ஆழ்வார் சிலைக்கு. ஒரே நம்மாழ்வார் ஒரு தெருவில் வடகலை, பக்கத்துத் தெருவில் தென்கலை. இன்றைய பிரிவினையைப் பழங்காலத்தின் முகத்திலும் எழுதிவிட்டால் அது ஆதியிலிருந்தே இருந்ததாகத் தோன்றும். சாதி, இனம் என்று பேசுகிற எல்லா இடத்திலும் இந்த வேலை நடக்கிறது. இங்கே வெள்ளையும் சிவப்புமாகக் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, அவ்வளவுதான்.

தோற்றத்தை ஊர் எப்படிப் படிக்கும் என்பது காஞ்சிபுரத்தாருக்கு நன்றாகத் தெரியும். 1688-இல் முகலாயப் படைக்குப் பயந்து வரதராஜர் உற்சவரை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனபோது, பாடையில் கிடத்திப் பிணமாக வேடம் கட்டி, சாவு மேளத்தோடு ஊரைத் தாண்டினார்கள் என்று கோயில் வரலாறு சொல்கிறது. பிணத்தை யார் தடுத்து நிறுத்திச் சோதிப்பார்கள்? பெருமாள் திரும்பி வந்தது 1710-இல். கல்வெட்டு இருக்கிறது, திருப்பிக் கொண்டுவர உதவிய தோடர்மால் குடும்பத்துச் சிலைகளும் கோயிலில் இருக்கின்றன.

நெசவாளர்களுக்கும் இதே பாடம் வேறு விதமாகக் கிடைத்திருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேறு சீமைக் கைக்கோளர்கள் ஒரு உரிமை கேட்டார்கள். நல்லது கெட்டதுக்குப் பல்லக்கில் போகவும் சங்கு ஊதவும் அனுமதி வேண்டும். காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருப்பதுபோல எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள். மன்னனுக்கும் மடத்துக்கும் பட்டு நெய்து தருகிறவன் தன் கல்யாணத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவன் முடிவு செய்ய முடியாது. அதிகாரம் முடிவு செய்து கல்வெட்டில் எழுதித் தர வேண்டும். தோற்றத்தைப் பார்த்து ஆளை மதிக்கிறார்கள் என்பது பாதிதான். எந்த ஆளுக்கு எந்தத் தோற்றம் என்பதும் முன்கூட்டியே நிர்ணயமாகியிருந்தது.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1817-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் கோயில் நிர்வாகம் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் போயிற்று. கலெக்டர் கச்சேரிக்கு ஒரே கேள்வி: இந்தக் கோயில் யாருடையது? ஆண்டுக்காண்டு பேசித் தீர்த்து, விட்டுக்கொடுத்து, சமயத்தில் அடித்துக்கொண்டு ஓட்டிவந்த ஏற்பாட்டைக் காகிதத்தில் ஒரு வரியில் சொல்லச் சொன்னார்கள். நீதிமன்றத்துக்கு வாதி, பிரதிவாதி வேண்டும். 'தென்கலையார்', 'வடகலையார்' என்று இரண்டு கட்சி முறையாகப் பதிவானது அந்தக் காகிதங்களில்தான். காஞ்சிபுரத்து அத்யாபக மிராசு வழக்கு 1882-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. வாதியும் பிரதிவாதியும் கிருஷ்ணனின் பெயர் வைத்துக்கொண்டவர்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே காலத்துச் சென்னையில் இன்னொரு காரியமும் நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் தொடர்பு உண்டு என்று வடக்கே ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய காலம் அது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதி 1909-இல் வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் மூக்கின் மேல் இருந்த மண்ணைப் பார்த்தார்கள். எழும்பூரில் மண்ணைத் துடைத்துவிட்டு மூக்கையே பார்த்தார்கள். மண்ணாவது தினமும் காலையில் கழுவிவிடலாம்.

யானைக் கதைக்கு வராமல் இருக்க முடியாது. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று இரு கலையாரும் வழக்காடினார்கள், வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று என்று சொல்லாத தமிழர் குறைவு. வாரம் ஒரு நாமம் என்று துரை தீர்ப்பளித்தார் என்பார் ஒருவர். தீர்ப்பு வருமுன் யானையே செத்துப்போயிற்று என்பார் அடுத்தவர். எனக்குக் கதையைவிடக் கதை சொல்கிறவர்கள் முக்கியம். அநேகமாக அவர்களுக்கு எது வடகலை, எது தென்கலை என்று தெரியாது. உள்ளே இருப்பவருக்கு விரற்கடை வித்தியாசம் ஊர் வித்தியாசம்; வெளியே இருப்பவருக்கு எல்லாரும் நாமக்காரர், எல்லாரும் ஒரே ரகம், எல்லாரும் சண்டைக்காரர். யானை ஜோக்கும் ஒரு தப்பெண்ணம்தான். சிரித்துக்கொண்டு சொல்வதால் யாரும் அப்படி எண்ணுவதில்லை.

1970-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். அவர் போலந்து யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் கைதியாகி, யூதர் என்பதை மறைத்து உயிர் பிழைத்தவர். போர் முடிந்து பார்த்தபோது குடும்பமே இல்லை. எந்த அடையாளம் எப்போது கொல்லும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பையன்களுக்கு 14, 15 வயது. க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டு, நீ க்ளே குழு, நீ கண்டின்ஸ்கி குழு என்று சொன்னார்கள். உண்மையில் பிரித்தது ரசனையைப் பார்த்து அல்ல, குலுக்கல் முறையில். பிறகு ஒவ்வொருவனும் முகம் தெரியாத மற்ற இருவருக்குக் காசாக மாறும் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். தனக்கு எதுவும் கிடையாது. பையன்கள் தங்கள் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இது: தங்கள் குழுவுக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட முந்தியிருக்க வேண்டும் என்கிற கணக்கையே பலரும் தேர்ந்தெடுத்தார்கள்.

சின்ன காஞ்சிபுரத்துச் சன்னதித் தெருவில் வழக்குச் செலவுக்கு ஆன பணத்தைக் கூட்டிப் பார்த்தால் பிரசாதப் பங்கைப் போல எத்தனை மடங்கு வரும்! அடுத்தவனைவிட ஒரு அடி முன்னால் நிற்பதற்காகத் தன் பங்கையே இழக்கத் தயாராக இருந்த அந்தப் பிரிஸ்டல் பையன்களை நம் பெரியவர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் டாஜ்ஃபெலின் சோதனைக்கூடத்தில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. பையன்களின் பிரிவினை மணி அடித்ததும் முடிந்துபோனது. மிராசும் தஸ்தாவேஜும் தீர்ப்பு நகலும் இருந்தால், தாத்தாவின் பிரிவினை பேரனுக்குச் சொத்தாக வரும். கோட்டைப் பார்த்துத்தான் வெறுப்பு வந்தது என்று நான் நம்பவில்லை. பங்குதான் முதலில் வந்தது. யாரிடம் வெறுப்பைக் காட்டுவது என்பதற்குக் கோடு முகவரி கொடுத்தது.

முகம் படிப்பதெல்லாம் தீங்கு என்று சொல்ல வரவில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் பாயில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர், குடும்பம் படியேறும்போதே நெற்றி, கழுத்து, செருப்பு மூன்றையும் பார்த்துவிடுவார். "வாங்கம்மா, என்ன ரேஞ்சுல பாக்கலாம்?" என்று கேட்பதற்குள் பாதிப் பதில் அவருக்குத் தெரியும். பெரியவர் நெற்றியில் திருமண் இருந்தால் அரக்கு நிறத்தில் ஒன்பது கஜம் தானாக அலமாரியிலிருந்து இறங்கும். தப்பாகப் போனால் மடித்து வைத்துவிட்டு வேறு எடுப்பார். அவர் எண்ணத்தை மாற்றிக்கொள்ள அவருக்குச் செலவு ஒன்றும் இல்லை, மாற்றிக்கொள்ளாவிட்டால்தான் நஷ்டம். அதே கடையில் ரப்பர் செருப்போடு வந்த நெசவாளியை, அந்தப் புடவையை நெய்தவராகவே இருக்கலாம், யாரும் "உட்காருங்க" என்று சொல்லாமல் விடுவதும் உண்டு.

கல்யாணப் பேச்சில் கோடு இன்னும் கெட்டியாக இருந்தது.

"பையன் நல்ல வேலைல இருக்கான், பார்க்கவும் லட்சணம். தென்கலை. பரவாயில்லையா மாமி?"

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடி."

வரன் தேடும் விளம்பரங்களில் கலை குறிப்பிடுவது இன்றும் நிற்கவில்லை. வடகலையார் ஆசாரம் மிகுந்தவர், தென்கலையார் தமிழ்ப் பித்தர், பூஜையில் வடகலையார் மணி அடிப்பார்கள், தென்கலையார் அடிக்கமாட்டார்கள் என்று ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லும் பட்டியல் நீளம். இரு கலைக்கும் வேறுபாடு 18 என்று சாஸ்திரமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த வேறுபாடுகளில் ஒன்று என்னை உறுத்துகிறது. கணவன் இறந்தால் வடகலைக் குடும்பங்களில் பெண்ணின் தலையை மழிப்பது வழக்கமாக இருந்தது. தென்கலையில் அந்தக் கட்டாயம் இல்லை. நாவிதன் முன்னால் உட்கார வைக்கப்பட்ட பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, பிறந்த கலையும் புகுந்த கலையும் தலைமயிர் வரை வந்து தீர்ப்புச் சொல்லும். மழித்த தலையைத் தெருவில் பார்த்தால் சகுனம் சரியில்லை என்று ஆண்கள் வீட்டுக்குள் திரும்பிப் போவார்கள். இரு கலைக்கும் நடுவே ஒரு மனிதரின் வாழ்க்கையை உண்மையிலேயே மாற்றிய வித்தியாசம் இதுதான் என்பேன். ஆனால் முதல் தீர்த்தத்துக்கும் தனியனுக்கும் நடந்த வழக்குகளின் கட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தப் பெண்கள் எதிர்ப்படமாட்டார்கள்.

மதிலுக்கு வெளியே நின்றவர்களும் அந்தக் கட்டுகளில் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளிலும் திருமண் தரித்த தாசர்கள் இருந்தார்கள். அதே மண், அதே இரண்டு கோடு, சில நேரம் பாதமும் உண்டு. கோபுர வாசலில் அந்த நாமத்தை யாரும் படிக்கவில்லை. கோடு ஒன்றாக இருந்தும் நெற்றி வேறு என்றால் கோடு செல்லாது. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் நடத்திய ஆலயப் பிரவேசம், 1947-இல் மாகாணம் முழுவதற்கும் கோயில் நுழைவுச் சட்டம் என்று ஆன பிறகுதான் அந்த வாசல்கள் சட்டப்படி திறந்தன. அதற்கு முன்பே, 1925 நவம்பரில், இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் எடுபடாமல் பெரியார் வெளியே நடந்தார். நூற்றாண்டுக் கணக்காகச் சாதி பார்த்து வாசலை மூடியவர்கள், அதே சாதியைக் கணக்கிட்டுப் பங்கு கேட்டபோது, இப்போது எதற்குச் சாதி என்றார்கள். மாநாட்டுத் தலைவர் திரு.வி.க.; அவர் நல்லவர் என்பதில் பெரியாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரைக்கு அப்போது 16 வயது.

ஓதும் உரிமை வழக்கு முடிந்ததா என்றால், 2022 மே மாதம் வைகாசி பிரம்மோற்சவத்தின்போது மறுபடி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வடகலையார் ஓதக் கூடாது என்று கோயில் நிர்வாகம் விட்ட அறிவிப்பை எதிர்த்து மனு. முதலில் தென்கலையார் தங்கள் தனியனைச் சொல்லட்டும், அடுத்து வடகலையார் தங்களுடையதைச் சொல்லட்டும், அதன்பின் இருவரும் சேர்ந்து பிரபந்தம் ஓதட்டும் என்று நீதிபதி ஏற்பாடு சொன்னார். அதன்மீது மேல்முறையீடு போனார்கள்.